யாரு அழிச்சாங்கன்னு தெரியாத 1,140 படம்

2021 அக்டோபர்ல ஒரு செவ்வாய்க்கிழமை. காலைல 8 மணி ஷிப்ட்டுக்கு வந்து ப்ராஜெக்ட்ட ஓப்பன் பண்ணா 1,140 படத்துல ஒரு பாக்ஸ் கூட இல்ல. படமெல்லாம் அப்படியே இருக்கு, அதுமேல நாலு பேரு நாலு நாளா உக்காந்து போட்ட லேபிள் மட்டும் ஈரத்துணியால துடைச்சு விட்ட மாதிரி காணோம்.

எங்க சென்டர் அப்ப சேலத்துக்குப் பக்கத்துல ஒரு மாடில இருந்துச்சு, 22 பேரு, ரெண்டு ஷிப்ட். பண்ற வேலைய வீட்ல சொல்லிப் புரிய வைக்கிறதே கஷ்டம். ரோட்டு கேமராவுல எடுத்த படம் வரும், அதுல தெரியுற ஒவ்வொரு வண்டியச் சுத்தியும் ஒரு கட்டம் போட்டு இது பஸ், இது லாரி, இது ஆட்டோ, இது டூவீலர்னு பேரு குடுக்கணும், அப்படிப் பேரு குடுத்த படத்த ஆயிரக்கணக்குல பாத்துத்தான் கம்ப்யூட்டர் பின்னாடி தானா வண்டிய அடையாளம் கண்டுக்கக் கத்துக்குது. ஒரு படத்துல 15, 20 வண்டி சாதாரணமா இருக்கும். அப்ப காணாம போனது கிட்டத்தட்ட 20,000 கட்டம்.

யாரு அழிச்சதுன்னு பாக்கலாம்னு ஹிஸ்டரிக்குப் போனேன். எல்லா வரியிலயும் ஒரே பேரு: அட்மின். ஏன்னா எங்க 22 பேருக்கும் இருந்ததே அந்த ஒரு லாகின்தான். பாஸ்வேர்டு வொயிட்போர்டுல மேல மூலைல எழுதியிருக்கும், அழிச்சிறாதீங்கன்னு சுத்தி ஒரு வட்டம் கூட போட்டிருந்தேன். அத செட் பண்ணது நான்தான். ஆளாளுக்குத் தனி அக்கவுண்ட் போடணும்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் மெயில் ஐடி வாங்கணும், இன்வைட் அனுப்பணும், பாதிப் பேரு மெயில தொறந்தே மாசக்கணக்காகுது, க்ளையன்ட் அடுத்த வாரமே டெலிவரி கேக்குறாங்க, அப்புறம் பண்ணிக்கலாம்னு தள்ளிப்போட்டேன். அந்த அப்புறம் ஏழு மாசமா வரவே இல்ல.

11 மணிக்கு கால்ல க்ளையன்ட் கேட்டாங்க, மேல இருக்குறவரு கேட்டாரு, எல்லாருக்கும் தேவைப்பட்டது ஒரு பேரு. முந்தின நாள் அந்த ப்ராஜெக்ட்ல கடைசியா உக்காந்திருந்தது யாருன்னு சீட் சார்ட்ட பாத்தேன். ராசிபுரம் பக்கத்துல இருந்து வர்ற பொண்ணு, பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சுட்டு வந்த முதல் வேலை, சேந்து ஆறு மாசம். எல்லாரும் இருக்குற ஹால்லயே வச்சுக் கேட்டேன். "அண்ணா, நான் 5.40 பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன், எதையும் தொடலண்ணா"ன்னு சொல்லுச்சு. "சார்ட்ல நீதானம்மா கடைசியா இருக்க"ன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. காணாம போனத திரும்பப் போடுற வேலையில அதுவும் உக்காந்துச்சு, ஒன்பது நாள் வந்துச்சு, பத்தாவது நாள் "வீட்ல வேணாம்னு சொல்றாங்க அண்ணா"ன்னு ஒரு மெசேஜ், அவ்ளோதான்.

டிசம்பர்ல சர்வர்ல இடம் நிறைஞ்சு போச்சுன்னு பழைய லாக் ஃபைல் எல்லாத்தையும் பாத்து அழிச்சுட்டிருந்தேன். வெப் சர்வர் லாக்ல அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம் 7.52க்கு ஒரு டெலீட் ரிக்வெஸ்ட் கிடந்துச்சு. எங்க ஒவ்வொரு டேபிளுக்கும் நிலையான ஐபி, அதாவது மாறாத ஒரு நெட்வொர்க் நம்பர், அதனால எந்த சிஸ்டம்னு தெரிஞ்சிருச்சு: ஒரு டீம் லீடரோட டேபிள். அவரு டெஸ்ட்டுக்குப் போட்டு வச்ச பழைய டேப் ஒண்ண க்ளீன் பண்ணுறதா நெனச்சு, ஃபில்டர் போடாம செலக்ட் ஆல் குடுத்து அழிச்சிருக்காரு, பண்ணதே அவருக்குத் தெரியாது. நான் காட்டினப்ப மனுசன் முகம் வெளிறிப் போச்சு. அவரு மேல எனக்குக் கோவம் வரல. அவரு பாக்குற வேலைக்கு அந்த டெலீட் பட்டன் தேவையே இல்ல, தேவையில்லாதத அவரு கையில குடுத்து வச்சது நான்.

அன்னைக்கு சாயங்காலமே அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி விஷயத்தச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அன்னைக்கே சொன்னேன்லண்ணா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அதுல இருந்து, யாரு எதப் பாக்கலாம் எத மாத்தலாம்னு முடிவு பண்ற இந்த ரோல், பர்மிஷன், ஆக்சஸ்ங்குற விஷயத்த நான் வேற மாதிரிதான் பாக்குறேன். இத செக்யூரிட்டி டிபார்ட்மெண்ட்டோட தலைவலின்னு நிறைய சென்டர்ல ஒதுக்கி வச்சிடுறாங்க. எனக்கு அது அந்த ஹால்ல நின்னுட்டிருந்த பொண்ணோட விஷயம். அவ பேருல ஒரு லாகின் இருந்திருந்தா, அவ சொன்ன 5.40க்கு சாட்சியா சிஸ்டமே நின்னிருக்கும்.

சரி, நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல் வேலையா 22 பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட். அது ரெண்டே நாள்ல முடிஞ்சிருச்சு, ஏழு மாசமா தள்ளிப்போட்ட வேலை. ஆனா தனி லாகின் குடுத்தா மட்டும் பத்தாது. லேபிள் போடுறதுக்குன்னே இருக்குற லேபிள் ஸ்டுடியோங்குற டூலோட இலவச வெர்ஷன எடுத்துக்கங்க, அதுல யாரு உள்ள வந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவு உரிமைதான், எல்லா ப்ராஜெக்ட்டும் எல்லாருக்கும் தெரியும். காசு குடுத்து வாங்குற என்டர்ப்ரைஸ் வெர்ஷன்லதான் ஓனர், அட்மின், மேனேஜர், சரிபாக்குற ரிவ்யூவர், லேபிள் போடுற ஆனோட்டேட்டர்னு படிப்படியா ரோல் வருது. இன்டெல் 2018ல ஓப்பன் சோர்ஸா விட்ட சிவாட்ங்குற டூல்ல ஆர்கனைசேஷன்னு ஒண்ணு உருவாக்கினா ஓனர், மெயின்டெய்னர், சூப்பர்வைசர், வொர்க்கர்னு நாலு ரோல். டொக்கானோங்குற டூல்ல ப்ராஜெக்ட் அட்மின், ஆனோட்டேட்டர், அப்ரூவர். பேருதான் மாறுது, உள்ள இருக்குற யோசனை ஒண்ணுதான். பர்மிஷன ஆளுக்கு நேரடியாக் குடுக்காத, வேலைக்குக் குடு, ஆள அந்த வேலைல வை. இத டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு குன்னு ரெண்டு பேரு 1992ல அமெரிக்காவோட என்ஐஎஸ்டிங்குற தரநிர்ணய நிறுவனத்துல இருந்து ஒரு கட்டுரையா எழுதினாங்க, 2004ல அது அந்த நாட்டுல ஸ்டாண்டர்டாவே ஆச்சு. ஒருத்தருக்கு வேலைக்கு வேணுங்குற அளவு மட்டும் உரிமை குடுத்தா போதும்னு சொல்ற தத்துவம் அதுக்கும் பழசு, சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975லயே எழுதி வச்சுட்டாங்க.

பேப்பர்ல படிக்கிறப்ப சுலபமாத்தான் இருக்கு. எங்க சென்டர்ல அறிவிச்சப்ப பகல் ஷிப்ட் டீம் லீடர் அக்காவுக்கு முகமே சுருங்கிப் போச்சு. எங்களுக்கெல்லாம் மூத்தவங்க, சென்டர் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்குறவங்க.

"ஏந்தம்பி, இத்தன நாளா நாங்க என்ன திருடிட்டா போயிட்டோம்? இப்ப எதுக்கு ஆளாளுக்குப் பூட்டு?"

"உங்க மேல சந்தேகம் இல்லக்கா. நாளைக்கு ஏதாச்சும் காணாம போச்சுன்னா, அக்காவால அத அழிச்சிருக்கவே முடியாதுன்னு நான் மேல சொல்லணும்ல, அதுக்குத்தான்."

அவங்க அப்பவும் சமாதானமாகல. அவங்க வீட்டுக்காரரு கூட்டுறவு பேங்க்ல இருக்காரு, ராத்திரி அவருகிட்ட போய்ப் புலம்பியிருக்காங்க. அவரு சிரிச்சுட்டு, எங்க பேங்க்ல நகைக்கடன்ல நகைய உரசிப் பாத்து எடை போடுறவரு ஒருத்தரு, கடன பாஸ் பண்றவரு இன்னொருத்தரு, அது திருடுவாங்கன்னு வச்சதா, எடை போடுறவருக்கு அது எவ்ளோ நிம்மதி தெரியுமான்னு கேட்டிருக்காரு. மறுநாள் வந்து அந்த அக்காவே எல்லாருக்கும் இத எடுத்துச் சொன்னாங்க. நான் பத்து ஸ்லைடு போட்டிருந்தாலும் அந்த அளவுக்குப் போய்ச் சேந்திருக்காது.

அந்த நகைக்கடன் கதைலதான் ஆனோட்டேஷனோட ரொம்ப முக்கியமான விதியும் இருக்கு: போட்டவரே பாஸ் பண்ணக் கூடாது. எங்ககிட்ட அப்ப நல்லாப் பண்ற மூணு பேருக்கு ரிவ்யூவர் வேலையும் குடுத்திருந்தோம், அவங்களே காலைல ஆனோட்டேட் பண்ணுவாங்க, மத்தியானம் க்யூசி, அதாவது சரிபாக்குற வேலை, பண்ணுவாங்க. டார்கெட் நெருக்குற நாள்ல தான் போட்டத தானே பாஸ் பண்ணிக்கிட்டது நடந்திருக்கு, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, க்யூவுல வந்துச்சு, ஓகே குடுத்தாங்க. ஆனா ஒருத்தர் ஒரு தப்ப ஒரு தடவ பாக்காம விட்டா ரெண்டாவது தடவையும் அதே கண்ணுதான பாக்குது? அதனால ரோல சென்டர் முழுசுக்கும்னு குடுக்காம ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் குடுக்க ஆரம்பிச்சோம். ட்ராஃபிக் ப்ராஜெக்ட்ல ஆனோட்டேட்டரா இருக்குறவங்க வேற ப்ராஜெக்ட்ல ரிவ்யூவர். சிவாட் மாதிரி டூல்ல இதுக்கு வசதி இருக்கு, ஒவ்வொரு ஜாபுக்கும் ஆனோட்டேஷன், வேலிடேஷன், அக்செப்டன்ஸ்னு (போடுறது, சரிபாக்குறது, ஏத்துக்குறது) மூணு ஸ்டேஜ், ஸ்டேஜ் மாறுறப்ப அத பாக்குற ஆளையும் மாத்தி விடலாம், வொர்க்கர் ரோல்ல இருக்குறவங்களுக்கு அவங்களுக்குக் குடுத்தது மட்டும்தான் கண்ணுல படும்.

கண்ணுல படாம இருக்குறதுங்குறது இன்னொரு விஷயத்துக்கும் வேணும், இத நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். சில ப்ராஜெக்ட்ல ஒரே படத்த ரெண்டு பேருகிட்ட தனித்தனியாக் குடுத்து, ரெண்டு பேரும் எந்த அளவுக்கு ஒத்துப்போறாங்கன்னு பாப்பாங்க. ரோடு சேதமாயிருக்கா இல்லையான்னு ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு, 100க்கு 90 படத்துல ரெண்டு பேரும் ஒண்ணு போலவே சொல்லியிருந்தாங்க, எல்லாரும் சூப்பர்னு சந்தோஷப்பட்டோம். ஆனா ரெண்டு பேரும் 100க்கு 90 படத்துல சேதம் இல்லன்னுதான் போட்டிருக்காங்க, அப்படி இருந்தா படத்தப் பாக்காம குருட்டாம்போக்குல குடுத்திருந்தாலே 82 படத்துல ஒத்துப்போயிரும். தற்செயலா ஒத்துப்போறத கழிச்சுட்டுப் பாக்க ஜேக்கப் கோஹன் 1960ல ஒரு கணக்கு குடுத்தாரு, கப்பான்னு பேரு, அதுல போட்டா எங்க 90க்கு வந்தது 0.44தான். இந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கணும்னா ரெண்டாவது ஆளுக்கு முதல் ஆளு போட்டது தெரியவே கூடாது. எல்லாரும் அட்மினா இருந்த காலத்துல பக்கத்து டேப்ல மத்தவங்க போட்டத பாத்துட்டுப் போடுறது சகஜமா நடந்துச்சு, காப்பி அடிக்கணும்னு இல்ல, சந்தேகம் வந்தா பாத்துக்கலாம்னு. அந்த மாசங்கள்ல நாங்க க்ளையன்ட்டுக்கு அனுப்பின ஒத்துப்போற கணக்க எல்லாம் இப்ப நெனச்சா எனக்குக் கூச்சமா இருக்கு. சரியான விடை தெரிஞ்ச படத்த நடுநடுவுல கலந்து விட்டு க்வாலிட்டி பாப்பாங்கல்ல, அந்த விடையும் இதே மாதிரித்தான், ஆனோட்டேட்டர் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா அந்தப் பரிச்சைக்கு மதிப்பு கிடையாது.

அடுத்தது குட்டி யானை. நம்ம ஊர்ல டாட்டா ஏஸ அப்படித்தான சொல்றோம். க்ளையன்ட்டோட கைட்லைன்ல லாரி இருக்கு, வேன் இருக்கு, குட்டி யானை எதுல சேரும்னு இல்ல. கேட்டதுக்கு லாரில போடுங்கன்னு பதில் வந்துச்சு, போட்டோம். பாதில நைட் ஷிப்ட்ல ஒரு தம்பி, நல்ல கெட்டிக்காரப் பையன், இது தப்பாச்சேன்னு செட்டிங்ஸ்ல போய் மினி ட்ரக்னு ஒரு புது லேபிள் சேத்துட்டான். அவன் நோக்கத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா மூணு நாள் கழிச்சுப் பாத்தா முன்பாதி படத்துல குட்டி யானை லாரி, பின்பாதில மினி ட்ரக், பகல் ஷிப்ட்ல சிலருக்கு அந்த லேபிள் வந்ததே தெரியாது, பேட்ச் மொத்தமும் ரீவர்க். டெலீட் பண்ணத விட இது மோசம்னு நான் சொல்வேன், டெலீட் ஆனா இல்லன்னாவது தெரியும், இது எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும், அந்தப் படத்த வச்சுக் கத்துக்குற மாடல் ஒரே வண்டிய ரெண்டு பேருல கத்துக்கும். இப்ப லேபிள் லிஸ்ட்ட மாத்துற உரிமை ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஒருத்தருக்குத்தான், மத்த யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் படத்து மேலயே கமெண்ட் போடலாம், அந்தக் கமெண்ட்டுக்கு அதே நாள்ல பதில் சொல்லியே ஆகணும். இந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டு முதல் பாதிய மட்டும் செஞ்சா அந்தத் தம்பி மாதிரி ஆளுங்க வாய மூடிட்டு உக்காந்துருவாங்க. அவனுக்கு வந்த சந்தேகம் சரியானது, க்ளையன்ட்டே கடைசில தனி லேபிள் குடுத்தாங்க.

இதுல நான் பண்ண இன்னொரு தப்பையும் சொல்லணும். முதல் ஆவேசத்துல எல்லாத்தையும் இறுக்கிட்டேன். டாஸ்க்க ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு மாத்துற உரிமை கூட என்கிட்ட மட்டும். பகல்ல ஓடிச்சு. நைட் ஷிப்ட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம 11 மணிக்குக் கிளம்பிட்டாரு, அவரு பேருல 80 படம் மாட்டிக்கிட்டு நிக்குது, டீம் லீடர் எனக்கு போன் மேல போன், நான் தூங்கிட்டேன். காலைல டெலிவரி. என்ன பண்ணாங்கன்னா வீட்டுக்குப் போனவருக்கே போன் போட்டு பாஸ்வேர்ட வாங்கி, அவரு லாகின்ல வேற ஆளு உக்காந்து 80 படத்தையும் முடிச்சிருக்காங்க. காலைல ரொம்பப் பெருமையா சொன்னாரு, டெலிவரி போயிருச்சு ப்ரோன்னு. நான் தலைல கைய வச்சு உக்காந்துட்டேன், எந்தப் பொதுலாகின ஒழிக்கணும்னு இவ்ளோ பாடுபட்டேனோ அதையே என் பூட்டு திரும்பக் கொண்டு வந்துருச்சு. அவங்க மேல தப்பே இல்ல, வேலை நிக்கக் கூடாதுன்னு பாத்தாங்க. அன்னைக்கே ரெண்டு ஷிப்ட் டீம் லீடருக்கும் அவங்கவங்க ப்ராஜெக்ட்டுக்குள்ள டாஸ்க்க மாத்திக் குடுக்குற உரிமை குடுத்தேன். டெலீட்டும், டேட்டாவ வெளிய எடுக்குற எக்ஸ்போர்ட்டும் மட்டும் குடுக்கல. இப்ப ஒரு பர்மிஷன எடுக்குறதுக்கு முன்னாடி ராத்திரி 2 மணிக்கு இது இல்லாம என்ன நின்னு போகும்னு அவங்ககிட்டயே கேட்டுட்டுத்தான் எடுக்குறேன்.

எக்ஸ்போர்ட்ல நான் கறாரா இருக்குறதுக்குக் காரணம் இருக்கு. படத்துல இருக்குறவங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாது. 2022 டிசம்பர்ல எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகைல ஒரு செய்தி போட்டாங்க, ரூம்பான்னு வீடு கூட்டுற ரோபோ இருக்குல்ல, அதோட சோதனை மாடல் 2020ல வீட்டுக்குள்ள எடுத்த படங்கள், லேபிள் பண்றதுக்காக ஸ்கேல் ஏஐங்குற லேபிளிங் கம்பெனிக்கு, ரூம்பாவச் செஞ்ச ஐரோபாட் கம்பெனி அனுப்பினது, வெனிசுவேலால இருக்குற லேபிள் பண்றவங்களோட ஆன்லைன் குரூப்புகள்ல சுத்தியிருக்கு. அதுல ஒரு பொண்ணு டாய்லெட்ல உக்காந்திருக்குற படமும் ஒண்ணு. சோதனைக்கு ஒத்துக்கிட்டவங்க வீட்ல எடுத்ததுதான்னு கம்பெனி சொன்னாங்க. ஒத்துக்கிட்டவங்க இதுக்கா ஒத்துக்கிட்டிருப்பாங்க? 2023 ஏப்ரல்ல ராய்ட்டர்ஸ்ல இன்னொண்ணு வந்துச்சு, டெஸ்லா கார் கேமராவுல பதிவான வாடிக்கையாளர்களோட அந்தரங்கமான காட்சிகள 2019ல இருந்து 2022 வரைக்கும் ஊழியர்கள் உள்ளுக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்கன்னு முன்னாள் ஊழியர்கள் சொன்னதா.

ரோல் வச்சா ஸ்க்ரீன்ஷாட்ட தடுக்க முடியாது, அது உண்மைதான், போன லாக்கர்ல வைக்கச் சொல்றதெல்லாம் அதுக்குத்தான். ஆனா ஒருத்தர் கண்ணுக்கு எத்தன படம் தெரியணும்ங்குறத ரோல் தீர்மானிக்குது, இன்னைக்கு அவங்களுக்குக் குடுத்த 70 படமா இல்ல மொத்த 40,000 படமாங்குறது பெரிய வித்தியாசம். இங்க நாங்க ஒரு ஓட்டையையும் கண்டுபிடிச்சோம். எக்ஸ்போர்ட் பட்டன மறைச்சாச்சுன்னு நிம்மதியா இருந்தேன், ஒருநாள் படத்த ரைட் க்ளிக் பண்ணி தனி டேப்ல தொறந்தா ஸ்டோரேஜோட நேரடி லிங்க் வருது, அந்த லிங்க்க லாகின் பண்ணாமலே என் போன்ல போட்டாலும் படம் தெறந்துச்சு. முன்வாசல்ல பூட்டு, கொல்லப்பக்கம் கதவே இல்ல. அப்புறம் ஸ்டோரேஜ பொதுவுல இருந்து எடுத்துட்டு, லிங்க் 15 நிமிஷத்துல செத்துப்போற மாதிரி மாத்தினோம். ஏபிஐ டோக்கனும், அதாவது ஸ்க்ரிப்ட் உள்ள போறதுக்குக் குடுக்குற சாவியும், இதே கதைதான், ஸ்க்ரீன்ல பட்டன் தெரியலன்னாலும் அட்மின் டோக்கன் ஏதோ ஒரு ஸ்க்ரிப்ட்ல கிடந்தா அது அட்மின்தான், வேலைய விட்டுப் போனவரு எழுதின ஸ்க்ரிப்ட்ல கூட கிடக்கும்.

மெடிக்கல் படம் வர்ற இடத்துல இது இன்னும் கடுமை. எக்ஸ்ரே, ஸ்கேன் வர்ற டைகாம் ஃபைலுக்குள்ளயே நோயாளியோட பேரு, பொறந்த தேதி எல்லாம் இருக்கும், அல்ட்ராசவுண்ட்ல படத்து மேலயே பேரு எழுதி வரும். நெஞ்சுல நிழல் எங்க இருக்குன்னு கோடு போடுறவங்களுக்கு அந்தப் பேரு எதுக்கு? அது ப்ளாட்ஃபார்முக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எடுத்துரணும், உள்ள வந்தப்புறம் ரோல் வச்சு மறைக்கலாம்ங்குறத நான் ஏத்துக்க மாட்டேன். 2023ல நம்ம நாட்டுலயும் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, பாதுகாப்பு ஏற்பாடு சரியா பண்ணாம விட்டா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம்னு அதுல இருக்கு. அத மீட்டிங்ல சொன்னப்பதான் மேல இருக்குறவங்க பேனாவ எடுத்து எழுதிக்கிட்டாங்க.

க்ளையன்ட் பக்கத்துல இருந்து வர்றவங்களும் அட்மின் ஆக்சஸ்தான் கேப்பாங்க. நான் மரியாதையா, சார் உங்களுக்கு எதப் பாக்கணும்னு கேப்பேன், பத்துல ஒன்பது பேருக்கு ரிவ்யூவரே போதும்.

இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நானும் அந்த டீம் லீடர் அக்காவும் யூசர் லிஸ்ட்ட தொறந்து வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் படிப்போம். இவங்க இன்னும் இந்த ப்ராஜெக்ட்ல இருக்காங்களா, இவருக்கு ரிவ்யூவர் எதுக்குக் குடுத்தோம், இவங்க வேலைய விட்டுட்டாங்களே. 20 நிமிஷ வேலை. வேலைய விட்டவங்கள டீஆக்டிவேட் மட்டும்தான் பண்ணுவோம், டெலீட் பண்ண மாட்டோம். உள்ள வர முடியாது, ஆனா அவங்க போட்ட கட்டத்து மேல அவங்க பேரு அப்படியே நிக்கும்.

அந்தப் பேரு நிக்கிறது எனக்கு ரொம்ப முக்கியம். 2009ல வந்த இமேஜ்நெட்டுங்குற படத்தொகுப்புதான் இன்னைக்கு இருக்குற இந்த ஏஐ அலைக்கே பெரிய தூண்டுதல், 1 கோடியே 40 லட்சம் படத்துக்கு மேல இருக்கு, அமேசானோட மெக்கானிக்கல் டர்க்குங்குற ஆன்லைன் வேலைத்தளம் வழியா 167 நாட்டுல இருந்து கிட்டத்தட்ட 49,000 பேரு உக்காந்து பேரு குடுத்தது. அத உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கின ஃபெய் ஃபெய் லீயோட பேரு எல்லாருக்கும் தெரியும், தெரியணும். அந்த 49,000 பேருல ஒருத்தரோட பேரு கூட எனக்குத் தெரியாது. எங்க 22 பேருல இருக்குற பொண்ணுங்களும் நாளைக்கு அப்படித்தான் கரைஞ்சு போவாங்க, நான் செய்ய முடிஞ்சது எங்க சர்வர்லயாவது அவங்க வேலை அவங்க பேருல இருக்குறது. இன்சென்டிவ் கணக்கும் இப்ப அதுல இருந்துதான் எடுக்குறோம், முன்னாடி ஆளாளுக்கு எக்செல்ல எழுதி மாசக்கடைசியில சண்டை வரும்.

போன வருஷம் ராசிபுரம் பொண்ணுகிட்ட இருந்து போன் வந்துச்சு. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில க்யூசி வேலைக்கு செலக்ட் ஆயிருக்கு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுமாம், என்னென்ன மாதிரி ஆனோட்டேஷன் பண்ணாங்க, எத்தன படம் பண்ணாங்கன்னு அதுல எழுதிக் கேக்குறாங்களாம். "முடியுமாண்ணா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. தாராளமாம்மா, சாயங்காலத்துக்குள்ள அனுப்புறேன்னு சொல்லிட்டு பழைய டேட்டாபேஸ்ல தேடினேன். 2021 ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் லட்சக்கணக்குல கட்டம் இருக்கு, அதுல எத்தனையோ அந்தப் பொண்ணு கையால போட்டது, எனக்கு நல்லாத் தெரியும், மங்கலான படத்துல ஆட்டோவுக்குப் பின்னாடி பாதி மறைஞ்ச சைக்கிளக் கூட விடாம போடும். எல்லா வரியிலயும் அட்மின்னுதான் இருக்கு. லெட்டர்ல ஆறு மாசம் வேலை பாத்தாங்க, பவுண்டிங் பாக்ஸ் (அந்தக் கட்டம் போடுற வேலை) பண்ணாங்கன்னு எழுதினேன். படங்களின் எண்ணிக்கைங்குற வரிக்கு நேரா எழுத என்கிட்ட ஒரு நம்பர் இல்ல, அந்த வரியவே எடுத்துட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.